எங்களுக்கு முன்னால் யார்

மருத்துவர் கடிகாரத்தைப் பார்த்து நேரத்தைச் சொன்னார், சிஸ்டர் குறித்துக்கொண்டாள். திரையை இழுக்கும் சத்தம் கேட்டதும், நிர்வாக அடையாள அட்டையோடு கட்டிலருகே நின்றிருந்தவள் சுவரோரமிருந்த உள்தொலைபேசியை எடுத்துவிட்டாள்.

“பன்னிரண்டு ஃப்ரீ ஆயிடுச்சு. கிளீனிங்குக்கு ஆள் அனுப்புங்க. மெத்தையைத் திருப்பிப் போட்டுத் துடைக்கச் சொல்லுங்க. எமர்ஜென்சிக்கும் சொல்லிடுங்க, அவங்க பேஷண்டைத் தயார் பண்ணட்டும்.”

குரலில் நடுக்கம் எதுவும் இல்லை. சொல்லிச் சொல்லி வழுவழுப்பாகிப்போன வார்த்தைகள். ரிசீவரை வைத்துவிட்டுத் திரும்பினாள். தம்பி அவளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

பன்னிரண்டாம் கட்டிலில் கிடந்தவர் அவர்கள் இருவரையும் பெற்றவர்.

“அக்கா,” என்றான். “நீ இப்ப என்ன சொன்னேன்னு உனக்குத் தெரியுதா?”

தெரிந்தது. சொல்லி முடித்த பிறகுதான் தெரிந்தது.

“கால்ல சூடுகூட ஆறல அண்ணி,” என்றாள் தம்பி மனைவி. அவள் கை இன்னும் மாமனாரின் பாதத்தின் மேலேயே இருந்தது. கோபமாகச் சொல்லவில்லை. யாரோ தவறாகச் சொன்ன ஒரு தகவலைத் திருத்துகிறவள்போல மெதுவாகச் சொன்னாள். கோபமே பரவாயில்லை என்றிருந்தது.

“சொல்லித்தான் ஆகணும். கீழ ஒருத்தர் காத்துக்கிட்டிருக்கார்.”

“யாரோ ஒருத்தர் காத்துக்கிட்டிருந்தா அப்பாவை உருட்டித் தள்ளிடலாமா? போதும். இதுக்கு மேல நீ எதுவும் பேசாதே.”

அவள் கழுத்தில் கோணலாகத் தொங்கிய அடையாள அட்டையை நேராக்கிக்கொண்டாள். கதவருகே துப்புரவு மேற்பார்வையாளர் வந்து நின்றார். உள்ளே யார் நிற்கிறார்கள் என்று பார்த்ததும் கையிலிருந்த துடைப்பக் கட்டையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார்.

“நாங்க அப்புறம் வர்றோம் மேடம்.”

“அப்புறம் எதுக்கு? வெளியிலயே இருங்க. நாங்க கிளம்பினதும் ஆரம்பிச்சிடுங்க.”

தம்பி முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டான்.

அவளுக்கு அழுகை வரவில்லை. அதற்காக அவள் பயப்படவும் இல்லை. அந்தக் குடும்பத்தில் யாரும் நாலு பேர் முன்னால் அழுததில்லை. அவளைப் பயமுறுத்தியது வேறொன்று. மருத்துவர் தலையை அசைத்தபோது அவளுக்குள் துக்கத்துக்கு முன்னால் ஆசுவாசம் வந்து நின்றது. தலைச்சுமையை யாரோ பின்னாலிருந்து பிடித்து இறக்கி வைத்ததுபோல் இருந்தது. அப்பாடா என்றிருந்தது. பெற்ற தகப்பன் கண்ணை மூடும்போது ஒரு மகளுக்கு அப்பாடா என்றிருக்குமா? இருந்தது. அதை வெளியே சொல்ல முடியாது. சொன்னால் அந்த வீட்டில் அவளுக்குத் தண்ணீர் கொடுக்கக்கூட ஆள் இருக்காது.

*

அந்த ஆஸ்பத்திரியில் அவளுடைய முதல் வேலை விசாரணை மேசையில். எலும்பு டாக்டர் எந்த மாடி, கழிவறை எந்தப் பக்கம் என்று கை காட்டுவதுதான். பிறகு துணிக்கிடங்கு. பிறகு சேர்க்கைப் பிரிவு. பிறகு எந்தக் கட்டிலில் யார், எது எப்போது ஒழியும் என்று கணக்கு வைத்துப் பங்கிடும் வேலை. இப்போது மொத்த ஆஸ்பத்திரியின் செயல்பாடும் அவள் பொறுப்பு. அறைக் கதவில் ‘ஆபரேஷன்ஸ் ஹெட்’ என்று போட்டிருந்தது. அதைக் கேள்விப்பட்ட சித்தப்பா, ஒரு கல்யாண வீட்டில் எல்லார் முன்னாலும் சட்டையைத் தூக்கித் தன் குடல்வால் தழும்பைக் காட்டி, “தையலை ஒழுங்காப் போட்டிருக்கானா பாரும்மா” என்று கேட்டார்.

டாக்டரும் நர்சும் செய்யாத வேலை எல்லாம் என் வேலை என்று அவள் விளக்கிப் பார்த்தாள். லிஃப்ட் நின்றால் அவள். ஆக்சிஜன் வண்டி வராவிட்டால் அவள். ஸ்ட்ரெச்சரின் சக்கரம் கிறீச்சிட்டால், போர்வை ஈரமாக வந்தால், நோயாளியின் ஒற்றைச் செருப்பு காணாமல் போனால் அவள்.

“அப்ப வீட்டு வேலைதான்னு சொல்லு. வீடு கொஞ்சம் பெரிசு,” என்றார் சித்தப்பா.

அதுவும் சரிதான். வீட்டு வேலையைப் போலவே, ஒழுங்காக நடக்கும்வரை அது யார் கண்ணிலும் படாது.

எல்லாவற்றிலும் பெரிய தலைவலி கட்டில். அதிலும் மூன்றாம் மாடியில் தீவிர சிகிச்சைக் கட்டில். கட்டில் குறைவு, ஆள் அதிகம். யாருக்கு அவசரம் என்று சொல்ல வேண்டியவர் டாக்டர். இரண்டு பேருக்கும் ஒரே அவசரம் என்று அவர் கையை விரித்தால், முன்னால் வந்தவருக்கு முதலில். அதற்கு மேல் அவள் எதற்கும் ஒப்புக்கொண்டதில்லை. முதலாளியின் மைத்துனர் ஒருமுறை காத்திருந்தார். பெரிய பதவியில் இருந்தவர்களின் உதவியாளர்கள் போனில் முதலில் கெஞ்சினார்கள், பிறகு மிரட்டினார்கள். “நீங்க சொன்னதை எழுதி, கையெழுத்துப் போட்டு அனுப்புங்க, பாக்கறேன்,” என்பாள். ஒருவரும் அனுப்பியதில்லை. சொந்தக்காரர்கள் அவளிடம் கேட்பதையே விட்டுவிட்டார்கள். முதுகுக்குப் பின்னால் அவளுக்கு ‘வரிசை மேடம்’ என்று பெயர். அவளுக்கு அது தெரியும். அந்தப் பெயரில் அவளுக்கு ஒரு பெருமையும் உண்டு. அது அவளுடைய அப்பாவிடமிருந்து வந்த பெயர் மாதிரி.

அப்படி நிமிர்ந்து நின்ற முதுகு சில நாட்களுக்கு முன் ஒரு மதியத்தில் வளைந்துவிட்டது. அப்படித்தான் அவள் நினைத்திருந்தாள்.

எமர்ஜென்சியிலிருந்து கூப்பிட்டார்கள். ஒரு பெரியவர், மூச்சு இழுக்கிறது, மேலே கட்டில் வேண்டும். எல்லாம் நிரம்பியிருந்தது. பன்னிரண்டில் இருந்தவருக்குத் தேறிவிட்டது, வார்டுக்கு இறக்கலாம் என்று டாக்டர் சொன்னார். அவளே மாடிக்கு ஏறினாள். அவரை இறக்கச் செய்து, கட்டிலைக் கழுவச் செய்து, தரை சீக்கிரம் காய வேண்டும் என்று மூலையிலிருந்த மின்விசிறியைத் தானே தூக்கிவந்து வைத்தாள். காய்ந்ததும் போன் செய்தாள். லிஃப்ட் திறந்தது. ஸ்ட்ரெச்சரில் வந்தவரின் பாதங்கள்தான் முதலில் தெரிந்தன. வலது பெருவிரலில் பல வருடமாகக் கறுத்துப்போன அந்த நகம்.

“அப்பா,” என்றாள்.

பின்னால் வந்த தம்பி அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

அன்று மாலையே கீழே ஒரு லாரி ஓட்டுநர் இதே கட்டிலுக்காகக் காத்திருப்பது தெரியவந்தது. அவருக்கும் மூச்சுதான். கீழேயே குழாய் போட்டுச் சமாளித்துக்கொண்டிருந்தார்கள். இரண்டு சிஸ்டர்கள் இவளைக் கண்டதும் பேச்சை நிறுத்தினார்கள். “மேடம் அப்பான்னா கட்டில் பறந்து வருது” என்று யாரோ சொன்னது காதில் விழுந்ததுபோலவும் இருந்தது, விழாததுபோலவும் இருந்தது. வந்தது யாரென்று தெரிந்து எமர்ஜென்சிக்காரர்கள் முந்திக்கொண்டு உபசாரம் செய்துவிட்டார்களா? யார் முன்னால் வந்தது?

ஒரு வார்த்தை கேட்டால் போதும். வேலைக்கு வந்த நாளிலிருந்து கேட்டுக் கேட்டுப் பழகிய கேள்வி. அவள் கேட்கவில்லை. லாரிக்காரர்தான் முன்னால் வந்தார் என்று பதில் வந்தால் அப்பாவைக் கீழே இறக்க வேண்டியிருக்கும். இறக்க அவளுக்கு மனம் வராது. மனம் வராது என்று தெரிந்துகொள்ளவும் அவள் விரும்பவில்லை. லாரிக்காரரின் மனைவி எமர்ஜென்சிக்கு எதிர் பெஞ்சில் ஒரு பச்சைப் பையுடன் உட்கார்ந்திருந்தாள். அந்தப் பக்கம் போகாமலிருக்க, ஆஸ்பத்திரியின் செயல்பாட்டுத் தலைமை அத்தனை நாளும் துணி மூட்டை ஏறும் பின்படிக்கட்டில் ஏறி இறங்கினாள்.

*

அப்பாவை இறக்கப் பின்வழி கிடையாது. லிஃப்ட் இறங்கினால் எமர்ஜென்சி நடையைக் கடந்துதான் வண்டிக்குப் போக வேண்டும்.

வெள்ளைத் துணி மூடிய ஸ்ட்ரெச்சர் வருவதைக் கண்டதும் பெஞ்சிலிருந்த பெண் எழுந்தாள். வழியில் நீட்டிக்கொண்டிருந்த பச்சைப் பையைக் காலால் உள்ளே தள்ளினாள். பிறகு அவளைப் பார்த்துவிட்டாள்.

“மேடம், மேல கட்டில் ஒழிஞ்சிருக்குன்னு இப்பத்தான் சொன்னாங்க. எங்களுக்குத்தானா?”

“உங்களுக்குத்தான். தரை காய்ஞ்சதும் கூட்டிட்டுப் போவாங்க.”

அந்தப் பெண்ணின் முகம் மலர்ந்தது. மலர்ந்த வேகத்திலேயே கண் ஸ்ட்ரெச்சருக்குப் போனது. குரல் இறங்கிவிட்டது.

“இவர்தான் அதுல இருந்தவரா?”

“ஆமா.”

“நான் யாரும் சாகணும்னு வேண்டிக்கல மேடம். சத்தியமா. மேல யாருக்காவது நல்லாயி இறங்கி வரணும்னுதான் வேண்டிக்கிட்டேன்.”

“தெரியும்.”

“யார் வீட்டுப் பெரியவரோ.”

அவள் தம்பியைப் பார்த்தாள். தம்பி தரையைப் பார்த்தான்.

“எங்க வீட்டுப் பெரியவர்,” என்றாள். “எங்க அப்பா.”

அந்தப் பெண் வாயைப் பொத்திக்கொண்டாள். உங்கள் வீட்டுக்காரரை எப்போது கொண்டுவந்தார்கள் என்று கேட்க இவளுக்கு நாக்கு நுனிவரை வந்தது. தம்பி பக்கத்தில் நிற்கிறான், கேட்க முடியாது. நிற்காவிட்டாலும் கேட்டிருப்பாளா என்பது சந்தேகம்தான்.

“பையை மறந்துடாம எடுத்துக்கிட்டுப் போங்க,” என்று மட்டும் சொன்னாள்.

*

தம்பி வீட்டு முன்னறையில் அப்பாவைக் கிடத்தினார்கள். பக்கத்து வீடுகளிலிருந்து நாற்காலிகள் வந்தன. வாசலில் செருப்புகள் சேர்ந்தன. அவை கண்டபடி கிடப்பதைப் பார்த்து அவள் குனிந்து ஜோடி ஜோடியாக ஓரத்தில் நகர்த்தி வைத்தாள். இரண்டு பெண்கள் தங்களுக்குள் பார்த்துக்கொண்டார்கள். போன் சங்கதி அதற்குள் வீட்டுக்கு வந்து சேர்ந்திருந்தது.

“படிச்ச பொம்பளை. கல்லு மனசு,” என்றாள் ஒருத்தி, கேட்க வேண்டியவளுக்குக் கேட்கும்படியாக.

அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். அவளைப் பற்றி எது வேண்டுமானாலும் பேசட்டும். பேச்சு அப்பாவின் பக்கம் திரும்பக் கூடாது. ‘மகள் தயவில் அடுத்தவன் கட்டிலில் படுத்துச் செத்தார்’ என்று நாளைக்கு ஒரு வாய் சொன்னால், அந்த மனுஷன் ஆயுள் முழுக்கக் கட்டிக் காத்தது ஒரு நொடியில் போய்விடும். போனால் போனதுதான்.

சித்தப்பா வந்தார். அண்ணன் தலைமாட்டில் கொஞ்ச நேரம் நின்றார். மூக்கைத் துடைத்துக்கொண்டார். பிறகு நாற்காலியில் உட்கார்ந்து, டீ டம்ளரை வாங்கிக்கொண்டு, யாரும் கேட்காமலே ஆரம்பித்தார்.

“எங்க அண்ணன் ரயில்வேயில டிக்கெட் குடுத்துக்கிட்டிருந்த காலம். அவரு மாமனார் ஊருக்குப் போகணும்னு வந்தாரு. மாப்பிள்ளை ஜன்னலுக்குள்ள ராஜா மாதிரி உட்கார்ந்திருக்காரு, நமக்கென்ன குறைச்சல்னு பக்கவாட்டுல போய் நின்னு, ‘மாப்ளே’ன்னாரு. அண்ணன் தலையைத் தூக்கல. ‘மாப்ளே, நான்தான்.’ ‘வரிசையில வாங்க’ன்னாரு அண்ணன். கிழவர் வெயில்ல நின்னு, வேர்த்து விறுவிறுத்து, ஒருவழியா ஜன்னலுக்கு வந்து சேர்றாரு. அண்ணன் நிமிர்ந்து பாத்து, முன்னப்பின்ன பாக்காத ஆள் மாதிரி, ‘எங்க போகணும்?’னு கேக்கறாரு!”

“அவர் என்ன சொன்னாராம்?” என்றார் பக்கத்து வீட்டுக்காரர்.

“‘உங்க மூஞ்சியே தெரியாத ஊரா பாத்து ஒண்ணு குடுங்க’ன்னாராம்.”

சிரிப்பு எழுந்தது, சாவு வீடு என்று நினைவு வந்து அடங்கியது. அவளுக்கும் உதடு துடித்தது. அம்மா உயிரோடிருந்தபோது அந்தக் கதையை அவள் சொன்னால் இன்னும் காரமாக இருக்கும்.

“எமனே வந்திருந்தாலும், ‘போய்ப் பின்னாடி நில்லு’ன்னுதான் சொல்லியிருப்பாரு எங்க அண்ணன்,” என்று முடித்தார் சித்தப்பா.

“எமன் நிக்கல சித்தப்பா,” என்றான் தம்பி. “அவர்தான் நின்னாரு.”

காலி டம்ளர்களைப் பொறுக்கி அடுக்கிக்கொண்டு பின்பக்கம் போய்விட்டான்.

*

பின்கதவுக்கு வெளியே குழாயடியில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து தம்பி டம்ளர் கழுவிக்கொண்டிருந்தான். நாங்கள் கழுவுகிறோம் என்று வந்த பெண்களை விரட்டியிருந்தான். அவள் போய் நின்றாள்.

“நீ போய் உள்ள உட்காரு. வர்றவங்க உன்னைத்தான் தேடுவாங்க.”

“உன்னை ஒண்ணு கேக்கணும்.”

“போன் போட்டுக் கேளு. உனக்கு அதுதானே வரும்.”

அவள் அதைத் தாண்டினாள். தாண்டுவதற்கு மூச்சை இழுத்துப் பிடிக்க வேண்டியிருந்தது.

“அன்னிக்கு எமர்ஜென்சிக்கு நீ அப்பாவைக் கூட்டிட்டு வந்தப்ப, அவருக்கு முன்னாடி யாராவது இருந்தாங்களா?”

தம்பி கையை நிறுத்தினான். தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.

“அதானே பாத்தேன். அப்பா செத்துக் கிடக்கார், நீ வரிசையைக் கேக்கறே. அப்பனுக்கேத்த பொண்ணு.” டம்ளரைத் தரையில் வைத்தான். “இருந்தாங்க. ரெண்டு பேர் இருந்தாங்க. போதுமா?”

“அவங்களைத் தள்ளிட்டா உள்ள போனீங்க?”

“தள்ளிட்டா?” தம்பி நிமிர்ந்து பார்த்தான். அவன் கண் சிவந்திருந்தது. “உனக்கு அவரைத் தெரியாது? வாசல்ல கால் வச்சதுமே என் சட்டையைப் பிடிச்சு இழுத்தாரு. ‘அக்கா பேரை எடுத்தேன்னா இப்படியே திரும்பி வீட்டுக்கு நடந்துடுவேன்’னாரு. நடக்க மூச்சு இல்ல, மிரட்டல் மட்டும் குறையல. சீட்டு எழுதற ஜன்னல்ல இருந்த பொண்ணுகிட்ட, ‘எங்களுக்கு முன்னாடி யாரு?’ன்னு கேட்டாரு. கையில அடிபட்ட ஒரு ஆளு. காய்ச்சல் குழந்தையோட ஒரு அம்மா. ரெண்டு பேருமே, ‘பெரியவரே, நீங்க போங்க’ன்னாங்க. ‘உங்க முறை, நீங்க போங்கம்மா’ன்னு சொல்லிட்டு நாற்காலியில நிமிர்ந்து உட்கார்ந்துட்டாரு. இருமலைக்கூட அடக்கிக்கிட்டு, ஒண்ணுமே இல்லாதவர் மாதிரி. அந்தக் குழந்தைக்கு வேடிக்கை வேற காட்டினாரு. அந்தப் பக்கம் வந்த ஒரு சிஸ்டர் உதடு நீலமா இருக்கறதைப் பாத்துட்டு ஓடி வந்து இழுத்துக்கிட்டுப் போனா.”

“லாரிக்காரர் அப்ப எங்க இருந்தார்?”

“எந்த லாரிக்காரர்?”

“பச்சைப் பை வச்சிருந்தாளே, அந்தப் பொண்ணோட புருஷன்.”

“அவரா? அவர் ரொம்ப நேரம் கழிச்சுல்ல வந்தாரு. அப்பா உள்ள படுத்து, ஆக்சிஜன் போட்டு, மேல கட்டில் கேட்டு, அதெல்லாம் ஆன பிறகு. வண்டியில இருந்து அவரை இறக்க ஆள் பத்தல, நான்தான் ஒரு பக்கம் பிடிச்சேன். ஏன்?”

அவள் சுவரில் சாய்ந்துகொண்டாள். சுவர் வெயிலில் சூடாகியிருந்தது.

“அப்பா யாருன்னு அங்க ஒருத்தருக்கும் தெரியாதா?”

“லிஃப்ட்கிட்ட நீ அப்பான்னு கூப்பிட்டப்பதான் எல்லாருக்கும் தெரியும். அந்த சிஸ்டர் என்னை முறைச்சா பாரு, ‘முன்னாடியே சொல்றதுக்கென்ன’ன்னு.”

அப்பா வரிசையில் வந்திருக்கிறார். அவருடைய முறை வந்தபோது அவருடைய கட்டில் வந்திருக்கிறது. இத்தனை நாளும் அவள் திருடிய பொருளைப் பார்ப்பதுபோல் பார்த்த அந்தக் கட்டில் முழுக்க முழுக்க அவருடையது. காலையில் வந்த அந்த ஆசுவாசம் மறுபடி வந்தது. இந்த முறை அவள் அதைக் கண்டு பயப்படவில்லை.

தம்பி பேசிக்கொண்டே இருந்தான். குரல் உடைந்திருந்தது.

“முன்னாடியே சொல்லியிருக்கணும். ‘வரிசை மேடத்தோட அப்பா’ன்னு ஒரே வார்த்தை. அவர் கோவிச்சுக்கிட்டா கோவிச்சுக்கட்டும்னு சொல்லியிருக்கணும். நீல உதட்டோட உட்கார்ந்திருக்காரு, நான் புள்ளைன்னு பக்கத்துல கையைக் கட்டிக்கிட்டு உட்கார்ந்திருந்தேன். அதுல போன மூச்சுதான். அதுக்கப்புறம் அவர் எழுந்திருக்கவே இல்ல. உன்னைப் பாக்கும்போதெல்லாம் அதான் ஞாபகம் வந்தது. உன் பேரு கையில இருந்தும் நான் அவரைக் கொன்னுட்டேன்கா.”

அதற்குத்தான் அத்தனை நாள் முகம் கொடுக்காமல் இருந்தானா? அவளும் ஒரு சுவருக்கு இந்தப் பக்கம் அதே மாதிரிதான் இருந்தாள்.

அவள் அவனருகே குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். உட்காரும்போது முழங்கால் சொடுக்கியது. சமாதானம் சொல்ல அவளுக்கு வராது. தெரிந்ததைச் சொல்லத்தான் வரும்.

“இங்க பாரு. நீங்க ஜன்னல்ல நின்னப்ப பன்னிரண்டுல வேற ஒருத்தர் படுத்திருந்தார். அவரை இறக்கினதும் நான்தான், கழுவ வச்சதும் நான்தான். தரை காயலன்னு நானே ஃபேனைத் தூக்கிட்டு வந்து வச்சேன். என் பேரைச் சொல்லியிருந்தாலும் சரி, முதலாளி பேரைச் சொல்லியிருந்தாலும் சரி, இல்லாத கட்டில்ல யாரையும் படுக்க வைக்க முடியாது. அது தயாரானதும் அப்பா லிஃப்ட்ல ஏறிட்டார். நடுவுல ஒரு நொடி சும்மா கிடக்கல.”

“கீழ காத்திருந்த நேரம்?”

“டாக்டர்கிட்ட அன்னிக்கே கேட்டேன். இன்னும் முன்னாடி கொண்டுவந்திருந்தா ஏதாவது செஞ்சிருக்கலாமான்னு. ‘முன்னாடின்னா வருஷக்கணக்குல முன்னாடி வந்திருக்கணும், மணிக்கணக்குல ஒண்ணும் ஆகப்போறதில்ல’ன்னார். அந்த நுரையீரலை வச்சுக்கிட்டு இவ்வளவு நாள் எப்படி மாடிப்படி ஏறினார்னு அவருக்கே ஆச்சரியம்.”

“நிஜமா சொல்றியா? எனக்காகச் சொல்றியா?”

“நான் எப்பவாவது ஒருத்தருக்காக மாத்திச் சொல்லியிருக்கேனா?”

தம்பி யோசித்தான். மூக்கை உறிஞ்சினான்.

“இல்ல,” என்றான். “என் கல்யாணத்துல பொண்ணு எப்படி இருக்கான்னு கேட்டதுக்கே உண்மையைச் சொன்னவதானே நீ.”

“உயரம் கம்மின்னுதான் சொன்னேன்.”

“இன்னும் சொல்லிக் காட்டறா.”

கழுவிய டம்ளரை அவன் நீட்டினான். அவள் வாங்கித் துடைத்துக் கவிழ்த்தாள்.

“காலைல அந்த போன்…” என்று ஆரம்பித்தாள்.

“விடு. அவர் கண்ணைத் திறந்து பாத்திருந்தா, ‘சொல்றதுக்கு இவ்வளவு நேரமா?’ன்னு உன்னைத்தான் திட்டியிருப்பாரு.”

அவள் கைப்பையில் போன் ஒலித்தது. மூன்றாம் மாடி சிஸ்டர்.

“மேடம், இந்த நேரத்துல கூப்பிடறது தப்புதான். பன்னிரண்டுக்கு அந்த லாரிக்காரர் வந்துட்டார். மூச்சு நல்லா சீராயிட்டு வருது. தேறிடுவார்னு டாக்டர் சொல்றார்.” கொஞ்சம் தயங்கினாள். “மேடம் கூப்பிட்டுக் கேக்கலியேன்னு எங்களுக்கெல்லாம் ஒரு மாதிரியா இருந்துச்சு. அதான்.”

“பச்சைப் பை?”

“மேடம்?”

“அவர் மனைவி. சாப்பிட்டாங்களா பாருங்க. கேன்டீன்ல சொல்லிடுங்க.”

போனை உள்ளே போட்டாள். தம்பி கடைசி டம்ளரைக் கவிழ்த்துவிட்டு எழுந்து, அவள் எழுந்துகொள்ளக் கை கொடுத்தான்.

*

மின்தகன மேடையின் வாசலில் ஏற்கெனவே ஒரு வண்டி நின்றிருந்தது. அப்பாவின் வண்டி அதன் பின்னால் போய் நின்றது. கதவருகே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த மேடைக்காரர் அவளைக் கண்டதும் எழுந்து வந்தார்.

“மேடம், நீங்களா? எங்க அம்மாவுக்கு உங்க ஆஸ்பத்திரியிலதான் பாத்தோம். உங்களுக்கு ஞாபகம் இருக்காது. யாரு, அப்பாவா? அடடா.” முன்னால் நின்ற வண்டியைக் கண்ணால் காட்டிக் குரலைத் தாழ்த்தினார். “அவங்க இப்பத்தான் வந்தாங்க. நான் ஒரு வார்த்தை சொன்னா விட்டுக்குடுப்பாங்க. உங்க வீட்டு ஆளை முதல்ல எடுத்துடலாம். நீங்க எதுக்கு வெயில்ல நிக்கணும்?”

அவள் வாயைத் திறந்தாள். அதற்குள் தம்பி முன்னால் வந்துவிட்டான்.

“எங்களுக்கு முன்னாடி யாரு?”

“அவங்கதான் சார். யாரோ ஒரு அம்மா. கூட வந்திருக்கறதே நாலு பேர்தான்.”

“அப்ப அவங்க போகட்டும். எங்க முறை வந்ததும் கூப்பிடுங்க.”

மேடைக்காரர் அவளைப் பார்த்தார். அவள் தலையசைத்தாள்.

“சரியாப் போச்சு,” என்றார் சித்தப்பா பின்னாலிருந்து. “இனிமே இந்த வீட்டுல ஒருத்தனும் ஓடிப்போய் ரயிலைப் பிடிக்க முடியாது.” சொல்லிவிட்டு அவரும் தம்பிக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார்.

ஒரு மரத்தடியில் சிமென்ட் பெஞ்ச் இருந்தது. தம்பி கைக்குட்டையால் சருகுகளைத் தட்டிவிட்டான். இருவரும் உட்கார்ந்தார்கள். முதுகு சாயவில்லை, அந்த வீட்டில் யாரும் பொது இடத்தில் சாய்ந்து உட்கார்ந்ததில்லை. வண்டி ஓட்டுநர் இன்ஜினை அணைத்தார். உள்ளே கண்ணாடி வழியாக வெள்ளைத் துணியின் ஒரு ஓரம் மட்டும் தெரிந்தது.

கொஞ்ச நேரத்தில் முன்னாலிருந்த நாலு பேரும் தங்கள் அம்மாவைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனார்கள். அவர்களுடைய வண்டி விலகிச் சென்றது. ஓட்டுநர் இன்ஜினை மறுபடி போட்டார். அப்பாவின் வண்டி மெல்ல நகர்ந்து, ஒழிந்த இடத்தில் போய் நின்றது.